'கடவுனு பொறொந்துவ' யாருடைய படம்?

1947 ஜனவரி 21. கொழும்பு கொட்டாஞ்சேனையில் இருந்த கிங்ஸ்லி தியேட்டரில் 'கடவுனு பொறொந்துவ' திரையிடப்பட்டது. 'மீறப்பட்ட வாக்குறுதி' என்பது தலைப்பின் பொருள். முதலாவது சிங்களப் பேசும் படம் இதுதான். இலங்கைச் சினிமாவின் பிறந்தநாளாக இன்றும் நினைவுகூரப்படுவது அந்தத் திகதிதான்.

அது எந்த நாட்டுப் படம்? "இலங்கைப் படம்தானே, இதில என்ன கேள்வி?" எண்டு நினைப்பீங்கள். படத்துக்குப் பின்னால் நிண்ட ஆக்களை ஒவ்வொருவராகப் பார்ப்பம்.

தயாரிப்பாளர் எஸ். எம். நாயகம், ஒரு தென்னிந்தியத் தமிழர். படம் பிடிக்கப்பட்டது மதுரையில், அவருடைய சித்ரகலா மூவிடோன் ஸ்ரூடியோவில். இயக்குநர் ஜோதிஷ் சிங், வங்காளி. கதை பி. ஏ. டபிள்யூ. ஜயமான்ன எழுதிய மேடை நாடகம். நடித்தது அவருடைய மினர்வா நாடகக் குழு. கதாநாயகி ருக்மணி தேவியின் இயற்பெயர் டெய்சி டானியல்ஸ். நுவரெலியா மாவட்டத்து இறம்பொடையில், கொழும்புச் செட்டிக் கிறிஸ்தவக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர்.

காசை வைத்துப் பார்த்தாலும், பிடித்த இடத்தை வைத்துப் பார்த்தாலும் இது இந்தியப் படம். மொழி, கதை, நடிகர்கள், பார்வையாளர்கள் என்று பார்த்தால் இலங்கைப் படம். எந்த அளவுகோலை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது.

இந்தச் சிக்கல் எங்களுக்கு மட்டும் உரியதும் இல்லை. பிரித்தானியாவில் வரிச்சலுகை கேட்கும் படம் ஒரு 'பண்பாட்டுப் பரீட்சை' எழுத வேண்டும். கதை நடக்கும் இடம், மொழி, வேலை செய்தவர்கள் எந்த நாட்டவர் என்று பலதுக்கும் புள்ளி உண்டு. 35 புள்ளியில் 18 எடுத்தால் அது பிரித்தானியப் படம். ஒஸ்காரின் சர்வதேசப் படப் பிரிவில் வேறு கணக்கு. படத்தை அனுப்பும் நாடு, அதன் படைப்புக் கட்டுப்பாடு பெருமளவு தன் குடிமக்கள் அல்லது தன் நாட்டில் வசிப்பவர்களின் கையில் இருந்தது என்று உறுதிப்படுத்த வேண்டும். ஆகவே படத்தின் நாடு எது என்ற கேள்வியோடு, 'ஏன் கேட்கிறீர்கள்?' என்ற கேள்வியும் கூடவே வருகிறது. வரிக்கு ஒரு விடை, விருதுக்கு ஒரு விடை இருப்பதில் பிழையில்லை. அந்த ஒற்றை விடையை வைத்து, வேலை செய்தவர்களின் பெயர்களை அழிக்கும்போதுதான் அநியாயம் தொடங்குகிறது.

எங்கட சினிமா வரலாற்றில் அது நடந்திருக்கிறது. ஆரம்பகாலச் சிங்களப் படங்களை 'தென்னிந்தியப் பாணி' என்று ஒரே சொல்லில் ஒதுக்குவது விமர்சகர்களின் வழக்கம். விமர்சனத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. கதையும் மெட்டும் இந்தியப் படங்களிலிருந்து தாராளமாக எடுக்கப்பட்டன. ஆனால் பாணி பற்றிய அந்தத் தீர்ப்பு மெல்ல மெல்ல ஆக்கள் பற்றிய தீர்ப்பாகிவிட்டது. நாயகம் பிறகு கந்தானையில் ஸ்ரூடியோ கட்டினார். நாகர்கோவிலில் பிறந்த ஆர். முத்துசாமி எத்தனையோ சிங்களப் படங்களுக்கு இசையமைத்தார். சேலத்தில் பிறந்த மொஹிதீன் பெய்க்கின் குரல் 'அசோகமாலா' காலத்திலிருந்தே சிங்களத் திரையில் ஒலித்தது. இவர்கள் எல்லாரையும் 'இந்தியச் செல்வாக்கு' என்ற ஒரு சொல்லுக்குள் அடக்கேலாது.

இந்தப் பாணிக்கு எதிராக எப்போதும் காட்டப்படும் படம் 1956இல் வந்த லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'ரேகாவ'. ஸ்ரூடியோவை விட்டு ஊருக்குள் போய்ப் பிடித்த படம். உண்மையிலேயே பெரிய திருப்பம்தான். ஆனால் லெஸ்டர், ஒளிப்பதிவாளர் வில்லியம் பிளேக், படத்தொகுப்பாளர் டைட்டஸ் தொட்டவத்த மூவரும் அரச திரைப்படப் பிரிவில் இருந்து வந்தவர்கள். அந்தப் பிரிவை முதலில் நடத்தியவர் ஜூலியோ பெட்ரோனி என்ற இத்தாலியர், அடுத்து ரால்ப் கீன் என்ற ஆங்கிலேயர். லெஸ்டரின் அடுத்த முழுநீளப் படமான 'சந்தேசய'வை (1960) தயாரித்தவர் கே. குணரத்தினம், ஒரு தமிழர். 'தூய' தேசியப் படத்தைத் தேடிப் போனாலும் கலப்பில்தான் வந்து நிற்கிறம்.

முதல் படம் வந்த அடுத்த வருசம், 1948இல், இலங்கைக் குடியுரிமைச் சட்டம் வந்தது. மலையகத் தமிழர்களில் மிகப் பெரும்பாலானோர் நாடற்றவர்களானார்கள். மதுரையில் பிடித்த படத்தை இலங்கைப் படம் என்று ஏற்க எவருக்கும் கஷ்டம் இருக்கவில்லை. இங்கேயே பிறந்து தேயிலை பறித்த மனிசருக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. 1983 ஜூலையில் சிங்களப் படங்களை இயக்கிய தமிழரான கே. வெங்கட் கொல்லப்பட்டார். குணரத்தினத்தின் ஹெந்தளை விஜயா ஸ்ரூடியோ எரிந்தது. அங்கே சாம்பலானது சிங்களச் சினிமாவின் சொத்தும்தான்.

இதையெல்லாம் வாசித்துவிட்டு "சிங்களச் சினிமாவைக் கட்டினதே நாங்கள்தான்" எண்டு சொல்ல ஆசை வரும். அதுவும் அதே பிழைதான். ஜயமான்னவின் நாடகமும் மினர்வாக் குழுவும் அதற்குக் காசு கொடுத்து வந்த சனமும் இல்லாமல் நாயகத்தின் முதலீட்டால் ஒன்றும் நடந்திராது. எங்கட பக்கத்தையும் பாருங்கோ. ஈழத்துத் தமிழ்ச் சினிமாவின் நல்ல படங்களில் ஒன்று என்று நாங்கள் பெருமையாகச் சொல்லும் 'பொன்மணி'யை (1977) இயக்கியவர் தர்மசேன பத்திராஜ. எழுதியவர் காவலூர் இராஜதுரை. தமிழர் எடுத்தால்தான் தமிழ்ப் படம் எண்டால் 'பொன்மணி' எங்கே போகும்? 2015இல் கான் விழாவில் தங்கப்பனை விருது வென்ற 'தீபன்' பிரெஞ்சுப் படம், இயக்குநர் ஜாக் ஓடியார். பெரும்பகுதி உரையாடல் தமிழ், கதாநாயகன் எங்கட எழுத்தாளர் ஷோபாசக்தி. அதைப் பிரான்ஸின் படம் என்று எழுதுவது சரி. ஷோபாசக்தியின் பெயரை விட்டுவிட்டு எழுதுவது சரியில்லை.

ஆகவே ஒரு படத்தைப் பற்றி எழுதும்போது நாட்டின் பெயரை மட்டும் போட்டு முடிக்காமல், நாலு விசயத்தைப் பிரித்து எழுதலாம்: மொழி எது, காசு எங்கிருந்து வந்தது, எங்கே பிடித்தது, எந்த வேலையை யார் செய்தது. 'கடவுனு பொறொந்துவ'வுக்கு இப்படி எழுதினால் சிங்களம், நாயகம், மதுரை, ஜோதிஷ் சிங், ஜயமான்ன, ருக்மணி தேவி என்று எல்லாமே வந்துவிடும். ஒருவரைச் சேர்க்க இன்னொருவரை வெளியே தள்ளத் தேவையில்லை. இந்த வேலைக்குப் பெரிய ஆராய்ச்சி ஒன்றும் வேண்டாம். படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது எழும்பிப் போகாமல், இருந்து வாசித்தால் பாதி வேலை முடிஞ்சுது.