வெள்ளம் யாருக்கு?

வெள்ளம் என்றால் அழிவு என்றே எண்ணிப் பழகிவிட்டோம் நாம். மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் ஆற்றங்கரையிலோ வெள்ளம் வாராத ஆண்டுதான் பஞ்ச ஆண்டு! பெருகிவந்த ஆறு வடிந்ததும், அந்த ஈரத்திலே சோளம் விதைப்பர். அறுத்த தாளை மாடு மேயும். அதன் சாணமே எரு. தேங்கிய நீரில் மீன் பெருகும். உழவர், மேய்ப்பர், மீனவர் மூவருக்கும் ஒரே வெள்ளம்தான் வாழ்வு.

மாலி, மாரிட்டானியா, செனகல் அரசுகள் கூடி, 1988-இல் மாலியின் மனந்தாலியில் அணையைக் கட்டி முடித்தன. மின்சாரம் வேண்டும், பாசனம் வேண்டும், அதில் குற்றமென்ன? ஆனால், அணையிலிருந்து வெள்ளம் திறந்துவிடுவது சில ஆண்டுகளுக்கு மட்டுமே என்றது திட்டம். பிறகு? ஏட்டிலே நீருக்குக் கணக்கிருந்தது. சோளத்துக்கும் மீனுக்கும் இல்லை!

அந்தக் கணக்கை எழுதப் புகுந்தவர்கள் மைக்கேல் ஹொரோவிட்சும் அவருடன் உழைத்த மானிடவியலாளரும். ஊரூராகச் சென்று, யார் விதைக்கிறார், எவ்வளவு உழைக்கிறார், என்ன பெறுகிறார் என ஆராய்ந்தனர். அளவறிந்து திறந்தால் வெள்ளமும் உண்டு, மின்சாரமும் உண்டு என்று காட்டினர்.

அதற்குள், அணையால் மதிப்பேறிய நிலத்தின்மீது ஆதிக்கக்காரர் கண் விழுந்துவிட்டது. 1989-இல் மாரிட்டானிய அரசு பல்லாயிரம் கறுப்பின மக்களை ஆற்றுக்கு அப்பால் விரட்டியது. காரணங்கள் பல, நிலவெறியும் அவற்றுள் ஒன்று. கணக்கெடுத்த மானிடவியலாளர் கையில் ஏடுதான் இருந்தது, படையா இருந்தது?

2002-இல் மூன்று அரசுகளும் ஒப்பிய நீர்ச் சாசனம், அரிய நெருக்கடி நீங்கலாக, ஆண்டு வெள்ளத்தை உறுதிசெய்தது. விரட்டப்பட்டோருள் ஏறத்தாழ 24,000 பேர் 2008-க்கும் 2012-க்கும் இடையே ஊர் திரும்பினர். பலருக்குப் பழைய நிலம் திரும்பவில்லை.