லாலிக்குக் கிடைக்காத தங்கம்

“அன்னிக்கு லாலி மட்டும் ஜெயிச்சிருந்தா…” புதுச்சேரிக் கடற்கரையில் துய்ப்ளே சிலைப் பக்கம் உட்கார்ந்து பேசினால் என்றாவது ஒருநாள் இந்தப் பேச்சு வந்துவிடும். மாற்று வரலாற்று நாவல் எழுதப்போகும் நண்பர் ஒருவர் அதற்கு வழியும் வைத்திருக்கிறார்: சரியான நேரத்தில் ஒரு கப்பல் நிறையத் தங்கம் வந்து இறங்குகிறது. அவ்வளவுதான், சென்னைப்பட்டணம் பிரெஞ்சுக்காரர்களுக்கு.

பணம்தான் முடிச்சு என்று அவர் கண்டுபிடித்தது சரி. 1746இல் லா போர்தொனே சென்னையைப் பிடித்து, 11 லட்சம் வராகன் தந்தால் திருப்பித் தருவதாக ஒப்பந்தம் போட்டார். துய்ப்ளே ஒத்துக்கொள்ளவில்லை; அவருக்கு ஊரே வேண்டும். 1748இல் ஐரோப்பாவில் எழுதிய உடன்படிக்கையில் சென்னை ஆங்கிலேயருக்கே போனது. பேசிய வராகனும் வரவில்லை, பிடித்த ஊரும் நிலைக்கவில்லை.

ஆனால் கப்பல் விஷயத்தில்தான் எனக்குச் சந்தேகம். ஏனென்றால் அப்படி ஒன்று நிஜமாகவே வந்தது. 1759 செப்டம்பரில் கடற்படைத் தலைவர் தாஷே கொஞ்சம் பணத்தை இறக்கிவிட்டுக் கிளம்பினார், அப்புறம் திரும்பவே இல்லை. அடுத்த மாதமே சம்பள பாக்கிக்காக பிரெஞ்சு சிப்பாய்கள் கலகம் செய்தார்கள். 1760 ஜனவரியில் வந்தவாசித் தோல்வி, 1761 ஜனவரியில் புதுச்சேரியே விழுந்தது. எதிராளிக்கோ பிளாசிக்குப் பிறகு வங்காளத்தின் கஜானா பின்னால் இருந்தது. ஒரு கப்பல் எந்த மூலைக்கு?

லாலிக்கும் இது தெரிந்தே இருந்தது. 1758இல் வந்ததுமே கடலூரின் செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடித்துவிட்டார். சென்னைக்குப் போகக் காசில்லை. தஞ்சாவூர் ராஜா பிரதாப சிங் சில வருஷங்களுக்கு முன் எழுதிக்கொடுத்த 56 லட்சம் ரூபாய்க் கடன் பத்திரம் ஒன்று கையில் இருந்தது. அதை வசூலிக்கப் படையோடு தெற்கே கிளம்பினார்.

வழியில் கீழ்வேளூர். கோயிலில் புதையல் இருக்கிறது என்று யாரோ சொன்னதை நம்பி வீடுகளைத் தோண்டினார்கள், குளத்தில் தேடினார்கள், சாமி சிலைகளை எடுத்துப் போனார்கள். தங்கம் என்று நினைத்தவை பித்தளை. உளவாளிகள் என்று சொல்லி பிராமணர்கள் சிலரை பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள். தஞ்சாவூர்க் கோட்டையும் விழவில்லை. வெடிமருந்து தீர்ந்து, ஆங்கிலேயக் கப்பல்கள் காரைக்காலை மிரட்டுகிற செய்தியும் வர, ஆகஸ்டில் வெறுங்கையோடு திரும்பினார்.

எனக்கு அந்த நாவல் மேல் இருக்கும் ஆசையும் பயமும் இங்கேதான். லாலி ஜெயிக்க வேண்டுமென்றால் தங்கம் கடலிலிருந்து வந்தால் போதாது, காவிரிக்கரை வீடுகளிலிருந்து வர வேண்டும். கீழ்வேளூர் குளத்தில் அன்று ஏதாவது அகப்பட்டிருந்தால் அடுத்த ஊருக்கும், அதற்கடுத்த ஊருக்கும் மண்வெட்டி போயிருக்கும்.

நண்பரிடம் சொன்னேன். கொஞ்சநேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தவர், “அப்போ கப்பல எடுத்துடவா?” என்று கேட்டார். “கப்பல் இருக்கட்டும். கீழ்வேளூர் அத்தியாயத்த மொதல்ல எழுதுங்க” என்றேன்.