சொடக்குத் தக்காளியும் பீட்சா சாஸும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. நைட் ஷிப்ட் போகிறவர்கள் கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து படியுங்கள்.

போன வாரம் என் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அவள் பையனுக்கு ஏழு வயது. பால் என்றால் உடம்பெல்லாம் தடித்துவிடும், மூச்சும் இரைக்கும். பால், தயிர், வெண்ணெய், சீஸ் எதுவும் ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "டீச்சர், யார் பிறந்தநாளுக்குப் போனாலும் பீட்சாதான். எல்லாப் பிள்ளைங்களும் சாப்பிடும்போது இவன் மட்டும் ஓரமா நின்னு வேடிக்கை பாக்கறான். கடையில ஒரு சாஸ் பாட்டில் வாங்கினேன், பின்னாடி படிச்சா அதுலயும் பால் இருக்காம். பால் இல்லாம வீட்டிலயே செய்ய முடியுமா?" என்று கேட்டாள்.

சரித்திர டீச்சரிடம் சமையல் சந்தேகமா என்று முதலில் சிரித்தேன். பிறகு அவளுக்குப் பதில் சொல்ல நாலு புத்தகத்தைப் புரட்டியபோது, முப்பது வருஷத்துக்கு முன் வகுப்பில் நான் சொன்ன ஒரு தப்பு அகப்பட்டது. அதையும் இன்று திருத்திவிடுகிறேன்.

முதலில் அவள் கேள்விக்கு வருகிறேன். பீட்சா சாஸில் பால் சேர்ப்பது பிற்பாடு வந்த வழக்கம். இத்தாலியில் நேப்பிள்ஸ் நகரத்துப் பழைய பீட்சாக்களில் ஒன்றான மரினாராவில் தக்காளி, பூண்டு, ஓரிகானோ என்னும் வாசனை இலை, ஆலிவ் எண்ணெய், உப்பு, இவ்வளவுதான். சீஸ் கிடையாது. 1889-இல் இத்தாலி ராணி மார்கரீட்டாவுக்காகச் செய்ததாகச் சொல்லப்படும் சீஸ் பீட்சாவின் கதைதான் உலகமெல்லாம் பரவிவிட்டது. அந்தக் கதையையே சரித்திர ஆசிரியர்கள் பலர் இப்போது நம்புவதில்லை. 'வீகன்' என்ற சொல் 1944-இல்தான் இங்கிலாந்தில் உண்டானது. நாம் நனிசைவம் என்கிறோம். அந்தச் சொல் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே நேப்பிள்ஸ் ஏழைகள் பால் படாத பீட்சாவைத் தின்றுகொண்டிருந்தார்கள்.

இதைவிடப் பழைய செய்தி ஒன்று உண்டு. நேப்பிள்ஸில் பெரிய வீட்டு விருந்துகளைப் பார்த்துக்கொண்ட அந்தோனியோ லத்தீனி என்பவர் 1690-களில் ஒரு சமையல் புத்தகம் வெளியிட்டார். அதில் ஸ்பானிய முறைத் தக்காளி சாஸ் ஒன்று இருக்கிறது. பழுத்த தக்காளியை நெருப்பில் சுட்டு, தோலை உரித்து, பொடியாக நறுக்கி, வெங்காயமும் காரமும் வாசனை இலையும் சேர்த்து, உப்பு, எண்ணெய், வினிகர் ஊற்றிப் பிசற வேண்டும். படித்ததும் எனக்கு எங்கம்மா ஞாபகம் வந்துவிட்டது. அடுப்புத் தணலில் தக்காளியைச் சுட்டு அவர் செய்கிற சட்னிக்கும் இதற்கும் வினிகர் ஒன்றுதான் வித்தியாசம்!

இனி என் தப்பு. ஐரோப்பியர் வருகைப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். மிளகாய், உருளைக்கிழங்கு, முந்திரி, தக்காளி எல்லாம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை என்று சொன்னபோது, மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து, "அப்போ மணத்தக்காளிக்கு எப்படி டீச்சர் அந்தப் பேர் வந்தது?" என்றான். நான் யோசிக்காமல், "பார்க்கத் தக்காளி மாதிரி குட்டியாக இருக்கிறது இல்லையா, அதனால்தான். உட்கார்" என்றேன்.

நடந்தது நேர் தலைகீழ். தக்காளி என்ற சொல் நம்மிடம் முன்பே இருந்தது. மணத்தக்காளி ஒன்று. இன்னொன்று சிறுதக்காளி, நம் பக்கத்துப் பிள்ளைகள் சொடக்குத் தக்காளி என்பார்கள். காகிதக் கூடு மாதிரி ஒரு உறைக்குள் சின்னக் காய் இருக்கும். அந்த உறையை நெற்றியில் அடித்தால் 'டப்' என்று வெடிக்கும். ஏரிக்கரையில் நெற்றி சிவக்கச் சிவக்க அடித்துக்கொண்ட ஆட்கள் இந்தப் பதிவைப் படிக்கிறவர்களிலேயே பத்துப் பேராவது இருப்பீர்கள். கப்பலேறி வந்த பெரிய சிவப்புப் பழத்தைப் பார்த்த நம் ஜனங்கள், ஜாடை தெரிந்து அதைச் 'சீமைத் தக்காளி' என்றார்கள். நாளடைவில் 'சீமை' உதிர்ந்துபோய், வந்தவர் வீட்டுக்காரர் ஆகி, வீட்டுக்காரர் 'சிறு' தக்காளி ஆகிவிட்டார்.

மெக்சிகோவிலும் இதேதான் நடந்திருக்கிறது. அஸ்டெக் மக்களின் நாவாட்டில் மொழியில் 'தொமாட்ல்' என்றால் உறைக்குள் காய்க்கிற பச்சைக்காய்தான். நம் சொடக்குத் தக்காளிக்கு ஒன்றுவிட்ட சகோதரி, ஒரே பேரினத்துச் செடி. சிவப்புத் தக்காளிக்கு அங்கே 'ஷிதொமாட்ல்' என்று அடைமொழி போட்ட பெயர். ஸ்பானியர்கள் அந்த அடைமொழியை விழுங்கிவிட்டு 'தொமாதே' என்றார்கள். ஒருவரை ஒருவர் கண்டிராத இரண்டு ஜனங்கள் ஒரே செடிக் குடும்பத்தைப் பார்த்து ஒரே மாதிரி பெயர் வைத்திருக்கிறார்கள். இதை அன்றே சொல்லியிருந்தால் வகுப்பு எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

வந்த பழத்தை நாம் உடனே சேர்த்துக்கொண்டுவிடவும் இல்லை. 1889 முதல் 1893 வரை பல தொகுதிகளாக வந்த ஜார்ஜ் வாட்டின் இந்தியப் பொருளாதார விளைபொருள் அகராதியில், தக்காளியை முக்கியமாக ஐரோப்பியருக்காகத்தான் பயிரிடுகிறார்கள், வங்காளிகள் புளிக்குழம்பில் சேர்க்கத் தொடங்கியிருக்கிறார்கள் என்கிற மாதிரி எழுதியிருக்கிறார். பெருமாள் கோயில் மடைப்பள்ளிகளில் பழைய முறைப்படி இன்றும் தக்காளிக்கும் மிளகாய்க்கும் இடமில்லை. புளியும் மிளகும்தான். காஞ்சிபுரம் இட்லியை நினைத்துப் பாருங்கள், மிளகு, சுக்கு, சீரகம்! சன்னதித் தெரு மாமி ஒருவர் திவசத்தன்று தக்காளி வாங்கிய பையைக்கூட வீட்டுக்குள் விடமாட்டார். அதே மாமி மற்ற நாளில் வைக்கிற தக்காளி ரசத்துக்கு நாங்கள் தெருவே அடிமை.

நம் ஊர்க் கதைக்கு வருகிறேன். ஸ்ரீபெரும்புதூர் என்றால் வெளியூர்க்காரருக்கு 1017-இல் பிறந்த ராமானுஜர், அல்லது 1991 மே 21. எனக்கு 1996-உம் முக்கியம். அந்த ஜனவரியில் டெல்லியில் டோமினோஸ், ஜூனில் பெங்களூரில் பீட்சா ஹட் முதல் கடை திறந்தன. மே மாதம் ஹூண்டாய் இந்தியக் கம்பெனி பதிவானது. இருங்காட்டுக்கோட்டையிலிருந்து 1998-இல் சான்ட்ரோ கார் வந்தது. கோயம்பேடு மார்க்கெட் திறந்ததும் மெட்ராஸ் சென்னை ஆனதும் அதே 1996. பீட்சாவும் கார் கம்பெனியும் ஒரே வருஷத்துப் பிள்ளைகள். பிறகு நோக்கியா வந்தது, போனது. ஒரகடத்தில் ரெனோ நிசானும் டைம்லரும் வந்தன. கத்தரியும் வெண்டையும் போட்டு நமக்கே விற்ற குடும்பங்களின் பிள்ளைகள் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. என் வகுப்புப் பெண்கள் முதல் சம்பளத்தில் அம்மாவுக்குப் புடவை வாங்கியதைப் பார்த்தவள் நான். ஆனால் தோட்டம் போய்விட்டது. இன்று நமக்குத் தக்காளி ஆந்திராவிலிருந்தோ கர்நாடகத்திலிருந்தோ லாரியில் வந்தால்தான் உண்டு. 2023 ஜூலையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டி, ரேஷன் கடையில் அறுபதுக்கு விற்றார்களே, மறந்திருக்க மாட்டீர்கள்.

சாப்பாட்டுக்காக இங்கே ரோட்டில் உட்கார வேண்டியும் வந்தது. 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கிய விடுதி ஒன்றில் உணவு விஷமாகி, நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். மற்ற பெண்கள் நெடுஞ்சாலையை மறித்தார்கள். ஆலை திரும்பத் திறக்க ஜனவரி 12 ஆயிற்று. அதனால், விடுதியில் இருக்கும் பிள்ளைகளே, தானே கிளறி இறக்கிய ஒரு பாட்டில் சாஸைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள்.

செய்முறை இதோ. ஒரு கிலோ தக்காளிக்கு முக்கால் பங்கு பெங்களூர்த் தக்காளி (சதைக்கு), கால் பங்கு நாட்டுத் தக்காளி (புளிப்புக்கு). அடியில் கீறி, கொதிநீரில் ஒரு நிமிஷம் போட்டு எடுத்துத் தோலை உரியுங்கள். விதைச் சாற்றைப் பிழிந்து எடுத்து வையுங்கள், கொட்டாதீர்கள், ராத்திரி ரசத்துக்கு ஆகும். சதையைக் கையால் மசியுங்கள். மிக்ஸியில் அடித்தால் நிறம் வெளுக்கும். எவர்சில்வர் அல்லது மண் சட்டியில் மூன்று கரண்டி எண்ணெய். ஆலிவ் எண்ணெய் வேண்டாம், செக்கில் ஆட்டிய கடலெண்ணெய் போதும். எட்டுப் பல் பூண்டை மெல்லிசாக நறுக்கிப் போடுங்கள், சிவக்கவே கூடாது, சிவந்தால் கசக்கும். ஒரு வரமிளகாயைக் கிள்ளிப் போட்டு, தக்காளியும் உப்பும் சேர்த்துச் சின்னத் தீயில் முக்கால் மணி நேரம். கரண்டியால் கோடு போட்டால் கோடு நிற்க வேண்டும், அதுதான் பதம். புளிப்பு தூக்கலாக இருந்தால் சுண்டைக்காய் அளவு வெல்லம்.

இறக்குவதற்கு ஐந்து நிமிஷம் முன்பு கற்பூரவல்லி இலை இரண்டைப் பொடியாக அரிந்து போடுங்கள். ஓரிகானோவுக்கு வாசனை தருகிற கார்வக்ரால் இதிலும் இருக்கிறது. திருநீற்றுப் பச்சிலை கிடைத்தால் இறக்கியபின் நாலு இலை. இத்தாலிக்காரர் பேசில் என்கிறாரே, அதே இனச் செடிதான். சப்ஜா விதை தருவதும் அதுவே. சாஸ் ஆறியதும் கண்ணாடி பாட்டிலில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் ஐந்தாறு நாள் தாங்கும், வெளியே வைக்காதீர்கள்.

ஒவ்வாமை உள்ள குழந்தை வீட்டில் இன்னொரு எச்சரிக்கை. கடையில் விற்கும் பீட்சா ரொட்டியிலும் பால்பொடி இருக்கலாம், எழுத்தைப் படித்து வாங்குங்கள். நெய் தொட்ட கரண்டி, தோசைக்கல் எதுவும் வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை அவள் போட்டோ அனுப்பியிருந்தாள். சப்பாத்திமாவு ரொட்டியில் சாஸ், மேலே வெங்காயம், குடமிளகாய். பையன் மூக்கிலெல்லாம் சிவப்பு. "நாலு துண்டு சாப்பிட்டான் டீச்சர், காரம் மட்டும் குறைக்கணுமாம்" என்று எழுதியிருந்தாள்.

மூன்றாவது பெஞ்சில் மணத்தக்காளி கேட்டவன் இப்போது எங்கே இருக்கிறான் என்று தெரியவில்லை. அவன் கூடப் படித்தவர்கள் யாராவது இதை அவனுக்கு அனுப்பி வையுங்கள். அவன் கேட்டது சரியான கேள்வி என்று டீச்சர் சொன்னதாகச் சொல்லுங்கள்.