கலயத்துக்கு ஒரு பெயர், இலைக்கு ஒரு பெயர்

அரிசி ஒன்றுதான். கருவறைக்குள் போனால் நைவேத்தியம். கோயில் கூடத்து இலையில் விழுந்தால் அன்னதானம். சாமியாரின் பாத்திரத்தில் பிச்சை. பள்ளிக்கூடத்துத் தட்டில் சத்துணவு. திருவண்ணாமலையில் சாப்பாட்டுக்குப் பெயர் வைக்கும்போது மணி என்ன என்று பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. யார் கொடுக்கிறார், யார் வாங்குகிறார் என்றுதான் பார்க்கிறார்கள்.

ஆனால் கோயில் சாமி அண்ணாமலையாருக்கு மட்டும் வேளைக் கணக்கு கறாரானது. உஷக்காலம், காலசந்தி, உச்சிக்காலம், சாயரட்சை, இரண்டாம் காலம், அர்த்தசாமம் என ஆறு காலப் பூஜை. சோழர் காலக் கோயில் கல்வெட்டுகள் சாமியின் சாப்பாட்டை அமுது என்றே எழுதின: கறியமுது, நெய்யமுது, தயிரமுது, வெற்றிலை பாக்குகூட அடைக்காயமுது. சிவன் கோயிலிலும் புழங்கிய இந்தப் பேச்சு இன்று ஐயங்கார் வீட்டு அடுப்படியில்தான் உயிரோடு இருக்கிறது. அங்கே சமையல் தளிகை, ரசம் சாத்தமுது, பாயசம் திருக்கண்ணமுது. ஐயர் வீட்டில் இதையெல்லாம் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் அமாவாசை ராத்திரி "இன்னிக்குப் பலகாரம்" என்றால் சோறு கிடையாது என்று அங்கே குழந்தைக்கும் தெரியும்.

1896 செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலைக்கு வந்த வேங்கடராமன் என்ற பையனுக்கு, அதாவது பிற்கால ரமண மகரிஷிக்கு, முதல் மாதங்களில் வயிற்றுக்குக் கிடைத்தவற்றில் ஒன்று அம்மன் சந்நிதியில் அபிஷேகமாகி வந்த பால். மஞ்சள்பொடி, சர்க்கரை, வாழைப்பழம் எல்லாம் கலந்தது. அதைக் காலை ஆகாரம் என்பதா, பிரசாதம் என்பதா? பிறகு அவரே தெருவில் இறங்கிப் பிச்சை எடுத்தார். மலைமேல் விரூபாட்ச குகையில் அவர் இருந்த காலத்தில் அடியார்கள் சங்கு ஊதிக்கொண்டு ஊருக்குள் இறங்குவார்கள். அந்தப் பிச்சைக்குப் பாடிப் போக ஒரு பாட்டு வேண்டும் என்று கேட்டதில்தான் அட்சரமணமாலை பிறந்தது. சங்குச் சத்தம் கேட்டால் எந்தக் கூட்டம் வருகிறது என்று வீட்டுக்காரர்களுக்குத் தெரிந்துவிடும். 1916இல் தாய் அழகம்மாள் மகனோடு தங்க வந்த பிறகு மலைமேலேயே இருந்த கந்தாசிரமத்தில் அடுப்பு எரிந்தது. பிச்சைச் சோறு வீட்டுச் சமையலானது. இருந்தாலும் பழைய சொல் போய்விடவில்லை. அன்பர்கள் ரமணாசிரமத்துச் சாப்பாட்டுக்குப் பணம் கட்டினால் அது இன்றும் பிக்ஷைதான்.

ஊரை விட்டு வெளியே வந்தால் வேறு உலகம். பழைய வடஆர்க்காட்டுக் கிராமத்தில் காலையில் கேட்கும் கேள்வி "கூழ் குடிச்சியா" என்பதே. கேழ்வரகுக் கூழ் கலயத்தில், களி உருண்டையாக. நெல் விளைந்த பக்கங்களில் அந்த இடம் நீராகாரத்துக்கும் பழையதுக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் காப்பி வந்து நீராகாரத்தின் இடத்தைப் பிடித்தபோது பெரிய புலம்பலே நடந்தது. தெற்கே அந்தக் காப்பி பலகாரத்தையும் தனக்குள் இழுத்துக்கொண்டது: நாகர்கோவில் பக்கம் "காப்பி குடிச்சாச்சா" என்று கேட்டால் இட்லியையும் சேர்த்துத்தான்.

வேலூர், ஆம்பூர்ப் பக்கத்து உருது பேசும் வீடுகளில் காலையில் நாஷ்டா. கடற்கரையோரத் தமிழ் முஸ்லிம்களும் மலேசியத் தமிழரும் பசியாறுகிறார்கள். காப்பி, நாஷ்டா, பசியாறல் மூன்றிலும் பசியாறல்தான் மரியாதையான சொல் என்பது என் கட்சி. வெள்ளைக்காரர் மத்தியானச் சிற்றுணவுக்கு வைத்திருந்த டிபன், ஓட்டல்கள் கைக்கு வந்ததும் காலைக்கும் மாலைக்கும் நகர்ந்துவிட்டது.

கடைசியாகப் பெயர் வைக்க வந்தது அரசு. 1956இல் காமராஜர் ஆட்சியில் மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆர். காலத்தில் சத்துணவு, 2022 செப்டம்பரில் தொடக்கப் பள்ளிகளுக்குக் காலைத் திட்டம். தட்டில் விழுவது ஓட்டல்காரர் டிபன் என்று விற்கும் அதே உப்புமாவும் பொங்கலும் கிச்சடியும்தான். அரசாணையில் அதன் பெயர் காலை உணவு.