பள்ளியில் காவலர்: நாங்குநேரி காட்டுவது என்ன?

2023 ஆகஸ்ட் 9 இரவு, நாங்குநேரியில் தலித் மாணவரையும் அவர் தங்கையையும் அதே பள்ளி மாணவர்கள் வெட்டியது வீட்டில். சாதித் துன்புறுத்தல் குறித்து அவர் பள்ளியில் முறையிட்ட பின்னரே. பள்ளி வாசலில் நிறுத்தப்படும் காவலர் இதைத் தடுத்திருக்க மாட்டார். முறையிட்டவரைக் காக்கும் ஏற்பாடே தேவை.

நீதிநாயகம் கே. சந்துரு குழுவின் 2024 ஜூன் அறிக்கை, 500 மாணவர்களுக்கு மேற்பட்ட பள்ளிகளுக்குப் பள்ளி நல அலுவலரைப் பரிந்துரைத்தது. பொட்டிப்புரம் போன்ற சிற்றூர்களின் சிறு பள்ளிகள் இவ்வரம்புக்கு வெளியே நின்றுவிடும். அதை நீக்கக் கோருகிறோம்.

காவல்துறைக்குப் பணி இல்லையா? உண்டு, காவல் நிலையத்தில். வன்கொடுமைப் புகாரைப் பதியாமல் வேண்டுமென்றே கடமை தவறும், பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ அல்லாத அலுவலருக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை விதிக்கிறது.