கோநங் ஆயர் மாவ்

வெள்ளவத்தையில் கோட்டைக்குப் போகும் ரயிலில் ஏறினால் பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி கழிந்ததும் கொம்பனித்தெரு. ஒரு பக்கம் முழுக்கக் கடல். 1974 இல் ஒரு நோன்புப் பெருநாளன்றுதான் முதன்முதலாக அந்த ஸ்டேஷனில் இறங்கினேன். கந்தோரில் பக்கத்து மேசையில் தட்டச்சு செய்த மலேத் தோழியின் வீட்டில் சாப்பாடு. கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதியில் வளர்ந்த எனக்கு முஸ்லிம் வீடுகள் பழக்கம். மலே வீடு புதிது.

பிட்டும் பாபத்தும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தோழியின் தம்பி, ஆறு வயதுப் பொடியன், வியர்க்க விறுவிறுக்க ஓடி வந்து தாயிடம் கத்தினான்: "கோநங் ஆயர் மாவ்!"

அன்ரி செம்பை நீட்டினார். நான் கேட்டேன்: "ஆயர் எண்டால் தண்ணியா, அன்ரி?"

"ஓம் மகள். மாவ் எண்டால் வேணும். கோ எண்டால் நான்."

"அப்ப நங்?"

அவர் சற்று யோசித்தார். "அதுக்குத் தனியாப் பொருள் இல்லை. எனக்கு, உனக்கு எண்டு சொல்லுறீங்களே, அந்தக் 'கு'."

கையில் இருந்த பிட்டு அப்படியே நின்றது. கோநங், எனக்கு. ஆயர், தண்ணி. மாவ், வேணும். சொல்லுக்குச் சொல் எங்கள் வசனம்! சொற்களில் ஒன்றுகூட எங்களுடையதல்ல. சில நாள் கழித்துத் தோழி மலேசியாவில் அச்சான மலாய்ப் பாடப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினாள். அதில் "சாயா மாவ் ஆயர்" என்று இருந்தது. 'நான் வேணும் தண்ணி' என்ற அடுக்கு. 'கு'வும் இல்லை, வினை கடைசிக்கு வரவும் இல்லை. வீட்டுக்கு என்று சொல்ல அந்தப் புத்தகம் 'கே ரூமா' என்றது. 'கே' முன்னால் நிற்கிறது. கொம்பனித்தெருவில் அது 'ரூமாநங்'. எங்கள் வேற்றுமை உருபைப் போலவே பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொள்கிறது. அன்று தொடங்கிய ஆசை ஓய்வூதியம் எடுத்த பின்னும் என்னை விடவில்லை. இந்த மொழி யாருடைய பிள்ளை?

மொழிகளுக்குக் குடும்பம் வகுக்கும் முறை தமிழருக்குப் புதிதல்ல. தமிழும் தெலுங்கும் சமஸ்கிருதத்தின் பிள்ளைகள் என்று படித்தவர்களே நம்பியிருந்த காலத்தில், சென்னையில் பிரான்சிஸ் வைட் எல்லிஸ் 1816 இல் அதை மறுத்தார். தெலுங்கில் எத்தனை வடசொல் புகுந்திருந்தாலும் அதன் வேர்ச்சொற்கள் தமிழோடும் கன்னடத்தோடும் சேர்ந்தவை என்று காட்டினார். 1856 இல் கால்டுவெல் அதைப் பெரிய இலக்கண நூலாக விரித்தார். கடன் வாங்கிய பொருளைக் கொண்டு ஒருவரின் பிறப்பைச் சொல்ல முடியாது என்பதே அவர்களிடம் நான் கற்றது.

அந்த அளவுகோலில் இலங்கை மலேயின் பிறப்பில் ஐயமே இல்லை. ஐந்துக்கு 'லீமா' என்கிறார்கள். ஹவாய்த் தீவிலும் ஐந்து 'லிமா'தான். மடகாஸ்கரிலிருந்து ஈஸ்டர் தீவு வரை கடல்மேல் பரந்து கிடக்கும் ஆஸ்திரோனேசியக் குடும்பத்தில், மலாயிக் கிளையில், இது ஒரு சின்னக் கொப்பு. எந்தக் கொப்பு என்பதையும் டச்சு அறிஞர் அலெக்சாண்டர் அடலார் 1991 இல் ஆராய்ந்தார். நீங்கள் என்பதற்கு 'லோரங்', அவர்கள் என்பதற்கு 'டேரங்' என்கிறார்கள். இரண்டின் வாலிலும் 'ஒராங்', அதாவது மனிதர், ஒளிந்திருக்கிறது. ஒராங்குட்டான் என்ற காட்டு மனிதனில் இருக்கும் அதே ஒராங். அரசவைப் புலவர்களின் மலாய் இப்படிப் பன்மை செய்வதில்லை. துறைமுகங்களில் பல சாதியாரும் கலந்து பேசிய சந்தை மலாய்தான் அப்படிச் செய்தது. ஆகவே இலங்கைக்கு வந்தது ஏட்டு மலாய் அல்ல, துறைமுக மலாய்.

வந்த வழியும் அதற்குப் பொருந்துகிறது. 1656 இல் டச்சுக் கம்பனி கொழும்பைப் பிடித்தது. பத்தாவியாவில், இன்றைய ஜகார்த்தாவில், தனக்கு அடங்காதவர்களைக் கப்பலேற்றி இங்கே தள்ளியது. மகாசாரின் ஞானி ஷேக் யூசுப் 1684 இல் வந்தார். மாதாராம் அரசர் மூன்றாம் அமங்குராத் 1708 இல் பிடிபட்டு நாடு கடத்தப்பட்டார். அரசர்களோடு பரிவாரம், பிறகு படைவீரர், கைதிகள், அடிமைகள். ஜாவா, அம்போன், பாலி, மதுரா என்று ஆளுக்கொரு தாய்மொழி. பொதுவாக இருந்தது அந்தச் சந்தை மலாய் ஒன்றே. 1796 இல் ஆட்சி ஆங்கிலேயரிடம் போனபோது படைவீரர் அவர்களிடம் சேர்ந்தார்கள். இலங்கை றைபிள் படையின் முதுகெலும்பு அவர்களே. 1873 இல் படை கலைக்கப்பட்டது. றைபிள் வீதி, மலே வீதி, ஜாவா லேன் என்ற பெயர்களும், 1786 இல் பண்டான் பாலி என்பவர் கட்டுவித்த வேகந்தைப் பள்ளிவாசலும் கொம்பனித்தெருவில் மிஞ்சின. நான் உத்தியோகம் பார்த்த இடத்தைக் கந்தோர் என்றேனே, அது டச்சுச் சொல். ஜகார்த்தாக்காரர் இன்றைக்கும் 'கந்தோர்' என்றே சொல்கிறார்கள். ஒரே கம்பனி இரண்டு கரையிலும் விட்டுப்போன சொல்.

சொல் அங்கிருந்து வந்தது சரி, வசன அமைப்பு எங்கிருந்து வந்தது? சண்டை தொடங்குவது இங்கேதான். எண்ணெய், நெருப்பு என்று கடன் வாங்குவது போல வேற்றுமை உருபை யாரும் அடுத்த வீட்டில் கேட்டு வாங்குவதில்லை. மட்டக்களப்புப் போர்த்துக்கேயக் கிரியோலை, அதாவது கலப்பில் பிறந்த மொழியை, ஆராய்ந்த மொழியியலாளர் இயன் சிமித், தமிழ் அந்த மொழியை எப்படி உருமாற்றியதென்று முன்பே கண்டவர். மலேயிலும் அவருக்குத் தெரிந்தது தமிழே, அதிலும் முஸ்லிம்கள் பேசும் தமிழ். அவர் தரப்பின் விளக்கம்: வந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள், ஒரே மார்க்கம், ஒரே ஷாபி மத்ஹபு என்ற சட்ட மரபு, தமிழ் பேசும் முஸ்லிம் பெண்களை மணந்தார்கள், தாய்மாரின் வாயில் மலாய் தமிழ் வடிவம் எடுத்தது. இன்னொரு மொழியியலாளர் உம்பர்ட்டோ அன்சால்டோ இதை ஏற்கவில்லை. அவ்வளவு கலப்பு மணத்துக்குச் சான்று எங்கே என்று கேட்டார். மலே வீரர்கள் குடும்பத்தோடு முகாம்களில் இருந்ததை எடுத்துக் காட்டினார். சிங்களத்தின் பங்கை மறக்கக் கூடாது என்றார்.

சிங்களப் பங்கு என்றதும் முதலில் என் தமிழ் மனம் முரண்டுபிடித்தது, உண்மை. பிறகு குறிப்புப் புத்தகத்தில் மூன்று நிரல் போட்டு எழுதிப் பார்த்தேன். எனக்குத் தண்ணி வேணும். கோநங் ஆயர் மாவ். மட்ட வத்துர ஓனே. மூன்றும் ஒரே நடை! சிங்களம் பிறப்பால் இந்தோ ஆரியம், ஜெர்மானிய அறிஞர் வில்கெல்ம் கைகர் நிறுவியது அது. ஆனால் எத்தனையோ நூற்றாண்டு தமிழோடு அடுத்தடுத்த வீட்டில் இருந்ததால் வசனம் இப்படி அடுக்குகிறது. அப்படியிருக்க மலே அதை எந்த வீட்டில் கற்றது என்று இந்த ஒரு வசனத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. பேச்சுச் சிங்களத்தில் உயிருள்ளவற்றுக்கே வரும் செயப்படுபொருள் உருபு, மலேயில் 'யங்' என்று புத்தகத்துக்கும் கதிரைக்கும்கூட வருகிறது, எங்கள் 'ஐ' போல. இதை நான் தமிழின் பக்கம் வைக்கிறேன். அதைவிடப் பெரிதாக எனக்குத் தெரிவது பள்ளிவாசல். குத்பா தமிழில், மார்க்கப் பாடம் தமிழில். வெள்ளிக்கு வெள்ளி தலைமுறை தலைமுறையாகக் கேட்ட மொழி. தாய்மார் வழி மட்டும் என்று ஏன் சுருக்க வேண்டும்?

அவர்கள் தங்கள் மொழியைக் காகிதத்தில் பேணியதையும் சொல்லவேண்டும். பாபா யூனுஸ் சல்தீன் 1869 இல் கொழும்பில் 'அலாமத் லங்காபுரி' என்ற மலாய்ப் பத்திரிகையைக் கல்லச்சில் வெளியிட்டார்; உலகின் ஆரம்பகால மலாய்ப் பத்திரிகைகளில் ஒன்று அது. எழுத்து அரபு எழுத்து. உயிர்க்குறிகள் இல்லாததால் 'குண்டுல்', மொட்டை, என்பார்கள். எங்கள் முஸ்லிம்கள் தமிழை அரபு எழுத்தில் அர்வியாக எழுதிய அதே காலம். இந்த ஏடுகளைத் தேடிச் சேர்த்து வரலாறாக்கியவர் பி. ஏ. ஹுசைன்மியா, 'ஒராங் ரெஜிமென்' என்ற அவருடைய நூல் 1990 இல் வந்தது.

மொழிகளின் சர்வதேசக் குறியீட்டில் இதற்கு மூன்றெழுத்து உண்டு. பக்கத்தில் எழுதியிருக்கும் பெயர் 'இலங்கைக் கிரியோல் மலாய்'. கிரியோல் என்ற சொல்லை அறிஞர் பலர் ஏற்பதில்லை. என் தோழிக்கும் பிடிக்காது. மலைநாட்டு மலேக்கு 2009 இல் முழு இலக்கணம் எழுதிய செபஸ்தியான் நோர்டோவ்தான், உலக மொழிகளைக் குடும்பம் குடும்பமாக அடுக்கும் குளோட்டோலொக் என்ற பட்டியலைத் தொடங்கிய இருவரில் ஒருவர். இந்தச் சின்ன மொழியின் வாசலில் உட்கார்ந்திருந்தவர் அந்தப் பெரிய மரத்தை வரைய இறங்கியது எனக்கு மிகவும் பொருத்தமாகப் படுகிறது. பெற்றோரைக் காட்டும் அந்த மரத்தில் அயலவருக்குக் கோடு கிடையாது. இலங்கை மலேக்கு அந்தக் கோட்டையும் போடவேண்டும் என்பது என் விருப்பம்.

2012 குடிசன மதிப்பீட்டில் மலேக்காரர் நாற்பதாயிரத்துக்குச் சற்று மேல். தெற்கே கிரிந்தையில் பிள்ளைகள் இன்னும் வீட்டில் அதைக் கதைக்கிறார்கள். கொழும்பில் ஆங்கிலமும் சிங்களமும் அந்த இடத்தைப் பிடித்துவிட்டன. கோலாலம்பூர் மலாயே திருத்தமானது, அதைப் பிள்ளைகளுக்குப் படிப்பிப்போம் என்றவர்களும் உண்டு. அவர்களின் நோக்கத்தில் நான் பிழை காணமாட்டேன். ஆனால் 'சாயா மாவ் ஆயர்' என்று திருத்திய அன்றே முன்னூறு வருட அயல் வாழ்க்கை வாயிலிருந்து போய்விடும்.

தோழி காலமாகிவிட்டாள். அன்று தண்ணி கேட்ட தம்பி இப்போது தெஹிவளையில் பேரப்பிள்ளைகளோடு. போன பெருநாளுக்குப் போயிருந்தேன். பேரன் விளையாட்டிலிருந்து ஓடி வந்தான்: "சீயா, மட்ட வத்துர ஓனே!" தம்பி என்னைப் பார்த்தார். செம்பை உடனே கொடுக்காமல் கையில் வைத்துக்கொண்டு, "கோநங் ஆயர் மாவ்" என்று மெல்ல, சொல் சொல்லாகப் பிரித்துச் சொன்னார். பிள்ளை அவர் வாயைப் பார்த்து "கோ... நங்" என்றது. மிச்சத்தைச் சொல்லுமுன் செம்பைப் பிடுங்கிக்கொண்டது.