சோதிப்பது யார்? திருமுழுக்குக்கு வரும் வயதுவந்தோரும் சேரியின் கேள்விகளும்



இந்த நினைவுரையை மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து தொடங்குவோம். நெல்லிக்குப்பத்துக்கும் பண்ருட்டிக்கும் நடுவில் இருக்கும் ஊர். 1860-களில் கார்ல் ஓக்ஸ் என்ற ஜெர்மானிய மிஷனரி இங்கே பணியைத் தொடங்கினார். அவர் முன்பு லைப்சிக் மிஷனில் இருந்தவர். சபைக்குள் சாதியை விட்டுவைக்கலாமா என்ற சண்டையில், விட்டுவைக்கக் கூடாது என்று நின்று வெளியேறியவர். அவருடைய பணியை டேனிஷ் மிஷன் ஏற்றுக்கொண்டது. இன்றைய ஆற்காடு லுத்தரன் திருச்சபைக்கு வேர் அங்கேதான்.

அந்தச் சண்டையின் மையத்தில் ஒரு தேர்வு இருந்தது. கிறிஸ்தவராக வருகிறவர் சாதியை விட்டுவிட்டார் என்பதை எப்படி அறிவது? பறையர் சமைத்த சோற்றை அவர் உண்ண வேண்டும் என்று 1850-இல் சென்னையில் கூடிய மிஷனரிகள் மாநாடு சொன்னது. மந்திரம் மனப்பாடமா என்பது மட்டுமல்ல, யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாய் என்பதும் விசுவாசத்தின் அளவுகோலாயிற்று. அந்தத் தேர்வு எல்லா இடத்திலும் நடந்ததா, நிலைத்ததா என்பது வேறு கதை. ஆனால் கேள்வி சரியான ஆளிடம் கேட்கப்பட்டது.

இதே தென்னார்க்காட்டில் கத்தோலிக்கம் வேறு வழியில் வந்தது. 1606-இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நோபிலி, உயர்சாதியினரை ஈர்க்கச் சந்நியாசிக் கோலம் பூண்டார். ஒடுக்கப்பட்டோரிடம் செல்ல 1640 முதல் பண்டாரசாமிகள் என்ற தனி வகைக் குருக்கள் ஏற்பட்டனர். சாமியார்களிலேயே இரண்டு வகை! 1703-இல் புதுச்சேரிக்கு வந்த போப்பின் தூதர் தூர்னோன், நோயில் கிடக்கும் பறையரின் குடிசைக்குள் போய்த் திருவருட்சாதனம் கொடுக்கக் குருக்கள் மறுக்கக் கூடாது என்று 1704-இல் ஆணையிட்டார். ஆணையிட வேண்டியிருந்தது என்பதிலிருந்தே நடைமுறை என்னவாக இருந்தது என்று நமக்குத் தெரிகிறது. நாற்பது ஆண்டு வழக்காடலுக்குப் பின் 1744-இல் கிடைத்த தீர்வு, பறையருக்கென்று தனிக் குருக்கள்.

அப்படியிருந்தும் நம் முன்னோர் ஏன் போனார்கள்? 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் சேத்துப்பட்டுப் பகுதியில் தாராஸ் சாமியாரிடம் ஆயிரக்கணக்கானோர் திருமுழுக்குப் பெற்றார்கள். ‘சோற்றுக்காக மாறியவர்கள்’ என்ற ஏச்சு அன்றும் உண்டு, இன்றும் உண்டு. அந்த ஏச்சை நாம் ஏற்பதற்கில்லை. பஞ்சத்தில் யார் கஞ்சி ஊற்றினார்கள், யார் களத்துமேட்டில் நெல்லைப் பூட்டி வைத்தார்கள் என்று பார்த்து முடிவெடுப்பது ஆராய்ச்சி இல்லையா? பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், செத்தவருக்குக் கல்லறை, பெயருக்கு மரியாதை: இவற்றைத் தேடுவது ஆன்மிகத்துக்குக் குறைவானதல்ல. வயிறு நிறைந்தவரின் தேடலை மட்டும் ஆன்மிகம் என்றும் பசித்தவரின் தேடலை ஆசை என்றும் பிரிப்பதே சாதியப் பார்வை.

இன்று கத்தோலிக்கத்தில் சேர விரும்பும் வயதுவந்தோருக்குத் தெளிவான வழிமுறை உண்டு. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல், பல படிகள் கொண்ட பழைய ஆயத்தநிலையை மீட்டெடுக்கச் சொன்னது. அதற்கான சடங்குமுறை 1972-இல் வெளிவந்தது. முதலில் விசாரித்து அறியும் காலம். பிறகு ஆயத்தநிலையில் ஏற்கப்பட்டு மறைக்கல்வி கற்கும் காலம். தவக்காலத் தொடக்கத்தில் தேர்ந்துகொள்ளப்படுதல். பாஸ்கா திருவிழிப்பு இரவில் திருமுழுக்கு, உறுதிபூசுதல், நற்கருணை மூன்றும் ஒன்றாக. அதன்பின்னும் சில வாரங்கள் சபையோடு தோய்ந்து பழகும் காலம். அவசரமில்லை, வற்புறுத்தல் கூடாது, எந்தப் படியிலும் ஒருவர் திரும்பிப் போகலாம். நல்ல முறைதான். மதமாற்றம் என்றாலே மோசடி என்று கூச்சலிடுகிறவர்களுக்கு இந்த நிதானமே பதில்.

ஆனால் சோதிப்பது யார் என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. அந்த மாதங்களில் பங்கு அவரைப் பார்க்கிறது. அவரும் பங்கைப் பார்க்கத்தானே செய்வார்? கள்ளக்குறிச்சி மாவட்டம் எறையூரில் தலித் கத்தோலிக்கர் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டுப் போராடியபோது, 2008 மார்ச்சில் அவர்கள் வீடுகள் தாக்கப்பட்டன. தாக்கியவர்களும் கத்தோலிக்கரே. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தனர். தேர்த் தெருவும் கல்லறையும் பிரிந்துகிடக்கும் ஒரு பங்கில் ‘ஒரே அப்பத்தில் பங்குகொள்கிறோம்’ என்ற பாடத்தை மறைக்கல்வி ஆசிரியர் எந்த முகத்தோடு நடத்துவார்? இந்தியக் கத்தோலிக்கர் 1 கோடியே 90 லட்சம் பேரில் 1 கோடியே 20 லட்சம் பேர் தலித்துகள் என்று ஆயர் பேரவையே 2016-இல் தன் கொள்கை அறிக்கையில் ஒப்புக்கொண்டது. பெரும்பான்மையே வாசலில் நிற்கும் வீடு அது.

வாசலுக்கு வெளியே அரசு இன்னொரு பதிவேட்டோடு நிற்கிறது. 1950-ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர் ஆணை இந்துக்களுக்கு மட்டும் என்றது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் இன்றும் வெளியே. மதத்தையும் பட்டியலையும் பிரித்துவிடுங்கள் என்று 2007-இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் பரிந்துரைத்தது, நடக்கவில்லை. 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் பட்டியல் சாதிச் சான்றிதழ் கோரிக்கையை உச்ச நீதிமன்றம் நிராகரித்தபோது, குழந்தையில் அவர் பெற்ற திருமுழுக்கும் அவருக்கு எதிரான சான்றாயிற்று. ஆக, வயதுவந்த தலித் ஒருவர் பாஸ்கா இரவில் தலைகுனிந்து தண்ணீரை ஏற்கும்போது, எழுதப்படும் அந்த ஒரு வரிக்காக வேலையையும் கல்வியையும் வன்கொடுமைச் சட்டத்தின் காப்பையும் பணயம் வைக்கிறார். இவ்வளவு விலை கொடுத்து வருகிறவரை ‘சலுகைக்காக வந்தவர்’ என்று எப்படிச் சொல்வது?

எந்த மதத்துக்குப் போ, எதற்குப் போகாதே என்று நாம் சொல்லவில்லை. போகிறவருக்கும் இருப்பவருக்கும் விட்டுவந்தவருக்கும் சேர்த்தே பேசுகிறோம். மாணவத் தோழர்களிடம் ஒரு வேலையை மட்டும் கேட்கிறோம். உங்கள் ஊரில் வயதான பிறகு திருமுழுக்குப் பெற்றவர்களிடம் போய் உட்காருங்கள். என்ன படித்தார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். எதைப் பார்த்து வந்தார்கள், வந்த பிறகு எங்கே உட்கார வைக்கப்பட்டார்கள், அவர்கள் வீட்டுப் பிணம் எந்தப் பக்கம் புதைக்கப்பட்டது என்றும் கேட்டு எழுதுங்கள். பங்குப் பதிவேட்டில் அவர்களுக்கு ஒரு வரிதான் உண்டு. மிச்சத்தை நாம்தான் எழுத வேண்டும்.

திருச்சபையிடம் கேட்பதும் ஒன்றுதான். விசாரிக்க வருகிறவரை முதல் நாளே கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போங்கள். அங்கே நடுவில் சுவர் இருந்தால், ஆயத்தநிலையில் இருக்க வேண்டியது அவரல்ல, பங்கு.